இசைவாணர் இளைப்பாறும் இல்லம்

இத்தாலி நாட்டின் வடபகுதியிலுள்ள மிலான் மாநகரில், சிற்பி மிக்கேலாஞ்சலோ புவொனரோத்தியின் பெயரைத் தாங்கிய சதுக்கம் ஒன்று உண்டு. அதன் நடுவே 1913 ஆம் ஆண்டில் நாட்டப்பெற்ற ஒரு முதியவரின் சிலை நிற்கின்றது. அச்சிலைக்கு எதிரே, இடைக்காலத்துக் கட்டடங்களை நினைவூட்டும் பெரிய மாளிகை ஒன்று காணப்படும். சிலையாக நிற்பவர், ஐரோப்பிய இசைநாடக உலகில் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புகழோச்சிய ஜுசெப்பே வேர்டி. மாளிகை, அவர் தம் கைப்பொருளைக் கொண்டு எழுப்பிய முதியோர் இல்லம். வறுமையுற்ற இசைவாணர் முதுமைக் காலத்தில் இளைப்பாறுவதற்காகவே அது கட்டப்பட்டது. 'இசைவாணர் இளைப்பாறும் இல்லம்' என்பதே அதன் பெயரின் நேர்ப்பொருள். ஊரார் அதனை 'வேர்டி இல்லம்' என்று சுருக்கமாக அழைப்பர்.

முதியோர் இல்லங்கள் உலகில் எத்தனையோ உள. அவற்றுள் பெரும்பாலானவை, கொடுப்போர் ஒருபுறமும் பெறுவோர் மறுபுறமுமாக இருக்கும் தருமச் சாலைகளாகவே தோன்றின. கொடுப்போர் நல்லவராயிருப்பினும், பெறுவோர் நாள் முழுதும் கையை நீட்டிக்கொண்டிருக்கும் நிலையிலேயே வைக்கப்பட்டனர். வேர்டி இல்லத்தின் நூற்றாண்டு கடந்த வரலாறு இவ்வகையில் வேறுபட்டது. அங்கே குடியிருந்த முதியோரே ஒருவருக்கொருவர் துணையாயினர். பிற்காலத்தில் இளைஞருக்கு ஆசிரியரும் ஆயினர். இந்த நிலை தற்செயலாக வந்ததா, அன்றி அடித்தளத்திலேயே இடப்பட்டதா என்பதை அறிய, இல்லம் எழுவதற்கு முற்பட்ட காலத்தைச் சற்று நோக்க வேண்டும்.

பழைய ஐரோப்பாவில் இசைத்தொழில் நிலையற்ற தொழில். அரசவையிலோ பேராலயத்திலோ ஊழியம் கிடைத்தவன் ஒருவாறு பிழைத்தான். ஏனையோர் கை ஓடும்வரை வாசித்தனர். குரல் நிற்கும்வரை பாடினர். அதன்பின் என் செய்வது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 1738 ஆம் ஆண்டு இலண்டனில் இசைவாணருக்கென ஓர் உதவிச் சங்கம் தோன்றியது. அதன் தோற்றத்தைப் பற்றி ஒரு செய்தி வழங்குகின்றது. இசைக்கலைஞர் மூவர் ஒரு நாள் கடைத்தெருவில் நின்றபோது, சிறுவர் இருவர் பாற்கழுதைகளை ஓட்டிக்கொண்டு சென்றனர். அவர்கள், நகரமெங்கும் பெயர்பெற்றிருந்து வறுமையில் மாண்ட ஒரு குழல் வாத்தியக் கலைஞனின் பிள்ளைகள் என்பதை அம்மூவரும் அறிந்து திடுக்குற்றனர். அன்று தொடங்கிய முயற்சியே சங்கமாயிற்று. பெரும் புலவர் ஹண்டெல் அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவர். தம் இறுதி உயிலில் 1000 பவுண் பணத்தை அச்சங்கத்துக்கு எழுதி வைத்தார்.

1771 ஆம் ஆண்டில் வியன்னா நகரிலும் இத்தகைய சங்கம் ஒன்று எழுந்தது. கலைஞர்கள் கூலியின்றி வாசித்துக் கச்சேரிகள் நடத்தினர். வந்த பணம் இறந்த கலைஞரின் மனைவி மக்களுக்குச் சென்றது. ஆயினும், சங்கம் என்றால் விதிகளும் உண்டு, விதிகளைக் காட்டிப் பிறரை வருத்துவோரும் உண்டு. ஹெய்டன் என்னும் இசைப் பேராசான் தம் பெரும் படைப்பொன்றை 1775 இல் அச்சங்கத்துக்காக நடத்திக் கொடுத்து நல்ல வருவாயைத் தேடித் தந்தார். அவரே சில ஆண்டுகளின் பின் உறுப்பினராக விண்ணப்பித்தபோது, கேட்கும்போதெல்லாம் புதுப்படைப்பு எழுதித் தருவதாகக் கையொப்பமிட வேண்டும் என்றனர். அவர் மனம் நொந்து 1779 இல் விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டார். பிழையை உணர்ந்து அவரைக் கட்டணமின்றி ஆயுள் உறுப்பினராக்க அச்சங்கத்துக்கு 1797 ஆம் ஆண்டுவரை சென்றது. தொண்டு என்பது மனமுவந்து செய்வதாயிருக்க வேண்டும்; கடன்பத்திரமாக எழுதி வாங்கப்படின் அது தொண்டாகாது என்பதை ஹெய்டன் அவர்களுக்குப் பதினெட்டு ஆண்டுகளாக நினைவூட்டினார் போலும்.

இச்சங்கங்கள் பணம் தந்தன, வீடு தரவில்லை. பெரும்பாலும் விதவைகளையும் அநாதைகளையும் நோக்கியே அவற்றின் கை நீண்டது. முதுமையுற்ற கலைஞனின் தனிமைக்கு அங்கே மருந்தில்லை.

இத்தாலியில் இதன் கொடுமை இன்னும் மிகுதி. அங்கே இசைநாடகம் பருவத் தொழில். அரங்கின் உரிமையாளன் ஒரு பருவத்துக்கு மட்டும் பாடகரையும் வாத்தியக்காரரையும் கூலிக்கு அமர்த்துவான். பருவம் முடிந்தால் அடுத்த ஊரை நாடி வண்டி ஏற வேண்டும். இசைப்புலவனுக்காயினும், சட்டம் பிறந்தபின், படைப்புரிமைப் பணம் என்று ஒன்று வந்தது. பாடியவனுக்கு அதுவும் இல்லை. அவனுடைய முதல் எல்லாம் தொண்டையிலேயே இருந்தது. அது போயின் எல்லாம் போயின.

இவ்வுண்மையை வேர்டி ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். அவருடைய வாழ்க்கைத் துணைவியாராகிய ஜுசெப்பினா ஸ்திரெப்போனி அம்மையார் 1830 களில் இத்தாலியின் சிறந்த பாடகியருள் ஒருவர். 1832 இல் தந்தை இறந்தபோது தாயையும் உடன்பிறந்தோரையும் தாங்கும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. அதனால் ஓய்வின்றி ஊர் ஊராகப் பாடினார். வேர்டிக்குப் புகழைத் தேடித்தந்த 'நபுக்கோ' என்னும் இசைநாடகம் 1842 இல் மிலான் நகரின் ஸ்காலா அரங்கில் அரங்கேறியது. அதில் தலைமைப் பாத்திரமேற்றுப் பாடியவர் அவரே. ஆயின் அப்போதே குரல் நைந்துகொண்டிருந்தது. முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், 1846 இல், மேடையை விட்டு நீங்கிப் பாரிஸ் நகருக்குச் சென்று பாட்டுச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்க வேண்டியதாயிற்று. பின்னர் வேர்டியை மணந்து வளமாக வாழ்ந்தார் என்பது உண்மையே. அந்த நல்வாய்ப்புக் கிட்டாத பாடகியர் எத்தனை பேர் என்பதை அவ்வம்மையாரைவிட நன்கு அறிந்தவர் இருந்திருக்க முடியாது.

இன்னொருவர் பியாவே. 'ரிகொலெத்தோ', 'லா திராவியாத்தா' முதலிய நாடகங்களுக்கு வசனப் பாட்டெழுதிய புலவர் அவர். 1867 இன் இறுதியில் பாரிசவாதம் தாக்கி, பேச்சும் அசைவும் இழந்து எட்டு ஆண்டுகளுக்கு மேலாகப் படுக்கையிற் கிடந்து 1876 இல் இறந்தார். அக்காலமெல்லாம் அவருடைய குடும்பத்துக்கு வேர்டி பணம் கொடுத்து வந்தார். அத்தோடு நில்லாமல், 1869 இல் தாமும் வேறு ஐந்து இசைப்புலவருமாக ஆளுக்கொரு பாடல் இயற்றி, அவற்றை ஒரு தொகுதியாக வெளியிட்டு, அதன் வருவாயைப் பியாவேயின் குடும்பத்துக்குச் சேர்ப்பித்தார். வேர்டி பிறருடைய வேண்டுகோளுக்கு எளிதில் இசைபவரல்லர், பணவிடயத்தில் கண்டிப்பானவர், குடியானவன் மகன் போலக் கணக்குப் பார்ப்பவர். ஆகையால் இச்செயலின் எடை அதிகம்.

வேர்டி 1813 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் பார்மாப் பகுதியிலுள்ள லெ ரொன்கொலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஊர்ச் சத்திரக்காரர். மகனின் ஆர்வத்தைக் கண்டு பழைய ஸ்பினெத் என்னும் சிறு இசைக்கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். 1821 ஆம் ஆண்டு அது பழுதுற்றபோது, ஸ்தெபானோ கவல்லெத்தி என்னும் கைவினைஞர் வந்து அதனைத் திருத்தினார். திருத்தியபின், சிறுவன் கற்பதில் காட்டும் நன்னோக்கமே தமக்குப் போதிய கூலி என்றும், ஆதலால் பணம் பெறவில்லை என்றும் ஒரு துண்டில் எழுதிக் கருவியினுள் ஒட்டிவைத்துச் சென்றார். எட்டு வயதுச் சிறுவனுக்கு முன்பின் அறியாத ஒருவர் செய்த இந்தக் கைம்மாறு கருதாத உதவியை வேர்டி மறக்கவில்லை. அவர் அக்கருவியைத் தம் வாழ்நாள் முழுதும் வைத்திருந்தார். உயிலில் அதனை யாருக்கு விட்டுச் சென்றார் என்பது பின்னே வரும்.

பதினெட்டு வயதில், 1832 இல், மிலான் இசைக் கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். வயது கடந்துவிட்டது, பிற நாட்டுப் பிரசை, பியானோவில் கை வைக்கும் முறை சரியன்று என்று காரணங்கள் காட்டி அவரை மறுத்தனர். அக்காலத்தில் பார்மாவும் மிலானும் வெவ்வேறு ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. இந்த மறுப்பும் இக்கதையில் மீண்டும் வரும்.

முதுமையில் வேர்டியின் மனம் அறப்பணிகளை நாடியது. தம் பண்ணைக்கு அயலிலுள்ள வில்லனோவா என்னும் ஊரில் ஏழைக் குடியானவர்களுக்காகச் சிறு மருத்துவமனை ஒன்றைக் கட்டினார். 1888 ஆம் ஆண்டு நவம்பரில் அது திறக்கப்பட்டது. தம் பெயரை அதில் பொறிக்க அவர் இடங்கொடுக்கவில்லை. வாசலில் 'மருத்துவமனை' என்ற ஒரு சொல்லே போதும் என்றார். திறந்து சில வாரங்களுக்குள் குறைகள் அவர் காதுக்கு எட்டின. 1889 சனவரியில் அதன் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் படிக்கத்தக்கது. உணவு போதவில்லை, திராட்சை மது அதனினும் குறைவு, பாலில் கலப்பு, எண்ணெய் மட்டம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, இவ்வாறாயின் தாம் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். உலகப் புகழ்பெற்ற இசைப்புலவர் ஒருவர் நோயாளியின் கோப்பையிலுள்ள பாலைப் பற்றி விசாரிக்கின்றார். தருமம் செய்தவர்கள் பலர். செய்த தருமம் உண்பவன் தட்டில் எவ்வாறு வந்து சேர்கின்றது என்று பார்த்தவர்கள் சிலரே. வேர்டி அச்சிலரைச் சேர்ந்தவர்.

அதே 1889 ஆம் ஆண்டில் மிலான் நகரின் புறத்தே, அப்போது வெளியாயிருந்த ஒரு நிலத்தை வாங்கினார். கட்டட வேலை 1896 இல் தொடங்கி 1899 இல் முடிவுற்றது. கட்டடக் கலைஞர் கமில்லோ பொயித்தோ. 'ஒதெல்லோ', 'பல்ஸ்தாப்' ஆகிய வேர்டியின் கடைசி இசைநாடகங்களுக்குப் பாட்டெழுதிய அர்ரிகோ பொயித்தோவின் தமையனார். ஏறத்தாழ 100 பேர் தங்குவதற்கேற்ப இல்லம் வகுக்கப்பட்டது. நடுவே முற்றம்; அதன் ஒரு புறத்தே நிறுவியவருக்கும் மனைவியாருக்கும் ஈமவறை; மேலே கச்சேரி மண்டபம்.

கட்டடத்தின் அழகைப் பற்றிக் கலை நூலோர் பலவாறு கூறுவர். வரலாற்றாளனின் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று, அது படுக்கையறை. அக்காலத்துத் தருமச் சாலைகளில் நீண்ட கூடங்களில் கட்டில்களை வரிசையாக இட்டு முதியோரைக் கிடத்துவதே வழக்கம். செலவு குறைவு, கண்காணிப்பும் எளிது. வேர்டி அதனை மறுத்தார். அறைதோறும் இரண்டு கட்டில்கள் இருத்தல் வேண்டும் என்றார். இரவில் ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவர் எழுந்து உதவுவார்; முதியோர் ஒருவருக்கொருவர் துணையாயிருப்பர் என்பதே அவர் கூறிய காரணம் எனக் கட்டடக் கலைஞர் பின்னர் தெரிவித்தார். கூடத்தில் நூறு பேருக்கு ஒரு காவலன். அறையில் ஒருவருக்கு ஒருவர். உதவி பெறுபவனே உதவி செய்பவனுமாவான் என்னும் எண்ணம் இவ்வாறு சுவரிலேயே எழுதப்பட்டது.

பெயரிலும் அவர் கவனம் சென்றது. 'அடைக்கலம் பெற்றோர்' என்று அங்கு வருவோரைக் குறிப்பிடும் சொல்லை அவர் வெறுத்தார். அவர்கள் தம் விருந்தினர் என்று திருத்தினார். இன்றும் இல்லத்தின் ஏடுகளில் அவர்கள் விருந்தினரே. விருந்தோம்பலின் பொருள் அறிந்த தமிழ் நேயர்க்கு இச்சொல்லின் வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

யாரை ஏற்பது என்பதில் அவர் கொண்ட கருத்து இன்னும் வியப்புக்குரியது. இங்கிலாந்தில் 1834 இன் வறியோர் சட்டத்துக்குப்பின் எழுந்த தொழில் விடுதிகளை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். அங்கே வறுமை ஒரு குற்றம் போல நடத்தப்பட்டது. கணவனும் மனைவியும் வெவ்வேறு கூடங்களிற் பிரிக்கப்பட்டனர். உள்ளே வருவோன் வெட்கப்பட வேண்டும் என்பதே அச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்று. தகுதியுள்ள ஏழை, தகுதியற்ற ஏழை என்று பிரித்துப் பேசுவது அக்காலத்துப் பெரியோரின் வழக்கம். வேர்டியோ, சிற்பி மொந்தெவெர்தேக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தம் படைப்புகளுள் தமக்கு மிகவும் பிடித்தது இந்த இல்லமே என்று கூறிவிட்டு, நற்பேறு வாய்க்காத பாடகருக்காகவும், இளமையில் சேமிக்கும் குணம் இல்லாதிருந்த பாடகருக்காகவும் அதனைக் கட்டியதாக எழுதினார். அவர்கள் தம் வாழ்க்கையின் அன்புத் தோழர்கள் என்றும் சொன்னார். கிடைத்ததை விருந்திலும் பட்டாடையிலும் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனும் அவர் கதவைத் தட்டலாம். தாம் ஒரு காசையும் வீணாக்காத மனிதர் இதனைச் சொன்னார் என்பது கருதத்தக்கது. ஆயினும் எல்லையும் இருந்தது: இத்தாலியக் குடிகளுக்கும் இசைத்தொழில் செய்தவருக்கும் மட்டுமே இடம் என்று 1899 டிசம்பரில் எழுதப்பட்ட நிறுவனப் பத்திரம் விதித்தது.

கட்டடம் முடிந்தும் கதவு திறக்கப்படவில்லை. தாம் உயிரோடிருக்கும்வரை அங்கு எவரும் குடிபுகலாகாது என்று வேர்டி கட்டளையிட்டிருந்தார். முதியோர் தம்மைத் தேடி வந்து நன்றி கூறுவதை அவர் விரும்பவில்லை என்பதே காரணம். இச்செயலை அடக்கம் என்று போற்றுவர். எனினும், மழையிலும் பனியிலும் காத்திருந்த முதியவன் ஒருவனுக்கு அந்த அடக்கத்தின் விலை சற்றுக் கூடுதலாகவே தோன்றியிருக்கும்.

1901 ஆம் ஆண்டு சனவரி 27 ஆம் தேதி மிலான் நகரின் விடுதி ஒன்றில் வேர்டி காலமானார். அவர் நோயுற்றிருந்த நாட்களில் வண்டிச் சத்தம் கேளாதபடி தெருவிலே வைக்கோல் பரப்பினர். இறுதிச் சடங்கு மிக எளிமையாக, பாட்டும் வாத்தியமும் இன்றி நடத்தல் வேண்டும் என்ற அவர் விருப்பம் நிறைவேற்றப்பட்டது. ஆயின் அவ்வாண்டு பெப்ரவரி இறுதியில், அவருடைய உடலையும் 1897 இல் மறைந்த மனைவியாரின் உடலையும் கல்லறைத் தோட்டத்திலிருந்து இல்லத்தின் ஈமவறைக்கு மாற்றியபோது, நகரமே திரண்டது. இளம் இசை நடத்துநர் அர்த்துரோ தொஸ்கனீனி தலைமையில் ஏறத்தாழ 800 பாடகர் 'நபுக்கோ' நாடகத்தின் அடிமைகள் பாடும் பல்லியத்தைப் பாடினர். பாட்டில்லாச் சடங்கை விரும்பியவருக்குப் பாட்டாலேயே விடைகொடுத்தனர்.

இல்லம் 1902 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆம் தேதி, வேர்டியின் பிறந்தநாளன்று, முதல் விருந்தினரை ஏற்றது. விருந்தளித்தவர் கீழே ஈமவறையில் இருந்தார். விருந்தினர் மேலே உணவறையில் அமர்ந்தனர். அவருடைய உயிலின்படி பெரிய பியானோவும், பதக்கங்களும், ஓவியங்களும் இல்லத்தைச் சேர்ந்தன. கவல்லெத்தி கூலியின்றித் திருத்திக் கொடுத்த அந்தச் சிறு கருவியும் இல்லத்துக்கே எழுதப்பட்டிருந்தது.

பொருள் எங்கிருந்து வந்தது? வேர்டி தம் இசைநாடகங்களின் உரிமைப் பணத்தை இல்லத்துக்கு விட்டுச் சென்றார். உலகின் எந்த அரங்கில் 'ஐடா' நடந்தாலும், எந்த ஊரில் 'ரிகொலெத்தோ' பாடப்பட்டாலும், ஒரு பங்கு மிலானிலுள்ள முதியவரின் சோற்றுக்கும் விறகுக்கும் வந்து சேர்ந்தது. ஓர் ஊர்ப் பாடகன் தான் அறியாமலே மற்றோர் ஊர் முதியவனைப் போஷித்தான். இந்த ஊற்று 1960 களின் தொடக்கத்தில் வற்றிவிட்டது. உரிமைக் காலம் முடிந்தது. அதன்பின் நன்கொடைகளும், உயில்வழி வந்த சொத்துகளும், விருந்தினர் தத்தம் இளைப்பாற்றுச் சம்பளத்துக்கேற்பச் செலுத்தும் பங்கும் இல்லத்தைத் தாங்கின. முற்றிலும் இலவசமாக உண்பதைவிட, தன்னால் இயன்றதைத் தந்து உண்பது பல முதியோருக்கு உவப்பாயிருந்திருக்கும் எனக் கருதுவது தவறாகாது.

இல்லத்துக்குள்ளே வாழ்க்கை எவ்வாறிருந்தது என்பதை உலகம் கண்ணாரக் கண்டது 1984 இல். சுவிற்சர்லாந்து நாட்டவரான தானியேல் ஷ்மித் என்னும் இயக்குநர் அவ்வாண்டு 'தோஸ்காவின் முத்தம்' என்ற உண்மைப் படத்தை வெளியிட்டார். நடிகர் எவரும் இல்லை. இல்லத்து முதியோரே படத்தின் மாந்தர். அவர்களுள் முதன்மையானவர் சாரா ஸ்குதேரி அம்மையார், முற்காலத்தில் புகழோடு விளங்கிய பாடகி. தம் பழைய இசைத்தட்டை அவர் கேட்கும் காட்சி ஒன்று படத்தில் உண்டு. இளமைக் குரல் பெட்டியிலிருந்து எழ, முதிய முகம் அதனைக் கேட்கின்றது. பிறிதொரு காட்சியில், பூச்சினியின் 'தோஸ்கா' நாடகத்தில் கதைத்தலைவி கொடியவனைக் குத்திக் கொல்லும் கட்டத்தை, அவரும் மற்றொரு முதிய பாடகரும் இல்லத்தின் நடைவழியிலேயே நடித்துக் காட்டுகின்றனர். கத்தி வீச்சே தோஸ்கா தரும் முத்தம். படத்தின் பெயர் அதிலிருந்து வந்தது.

அப்படத்தில் முதியோர் தெய்வங்களாகக் காட்டப்படவில்லை. யார் எந்த அரங்கில் எத்தனை முறை பாடினார், யாருக்குக் கைதட்டல் கூடுதல் என்று அவர்கள் போட்டியிடுவர். ஒருவர் பியானோவில் அமர்ந்தால் இன்னொருவர் வந்து பாடுவார்; மூன்றாமவர் சுருதி சரியில்லை என்பார். இதனைக் குறையெனக் கொள்ள வேண்டியதில்லை. சண்டை பிடிப்பதற்கும் பொதுவான ஒரு பொருள் வேண்டும். தச்சரும் கணக்கரும் பாடகியும் கலந்து வாழும் சாதாரண முதியோர் இல்லத்தில், ஒரு முதிய பாடகி தன் பழம்பெருமையைச் சொன்னால் கேட்பவர் தலையாட்டிவிட்டுப் போவர். வேர்டி இல்லத்தில் எதிர்ப்பதற்காவது ஆள் உண்டு. வாசிக்கத் தெரிந்தவன் வாசிப்பான், பாடத் தெரிந்தவள் பாடுவாள், இயலாதோர் அமர்ந்து கேட்டுத் தீர்ப்புரைப்பர். இல்லத்தின் கச்சேரி மண்டபத்துக்கு வெளியார் வந்து கேட்பதும் வழக்கமாயிற்று. ஆங்கில நாடகாசிரியர் ரொனால்ட் ஹார்வுட் இப்படத்தால் தூண்டப்பெற்று, முதிய பாடகர் நால்வரைப் பற்றிய நாடகம் ஒன்றை 1999 இல் அரங்கேற்றினார். அது 2012 இல் திரைப்படமாகவும் வந்தது. களத்தை அவர் இங்கிலாந்துக்கு மாற்றினாலும், வேர்டியின் பிறந்தநாளில் முதியோர் தம் இல்லத்துக்காகக் கச்சேரி நடத்தும் நிகழ்ச்சியைக் கதையில் விடாது வைத்துக்கொண்டார்.

இல்லத்தின் வரலாற்றில் பெரிய திருப்பம் 1990 களின் இறுதியில் நிகழ்ந்தது. முதியோரோடு இளம் இசை மாணவரும் குடியிருக்க இடமளிக்கப்பட்டது. மிலான் நகரில் வீட்டு வாடகை அதிகம். இசை பயிலும் மாணவன் வாத்தியத்தோடு அறை தேடின் அயலார் முகஞ்சுளிப்பர். இல்லத்திலோ பயிற்சிக்கென அறைகள் உண்டு, பியானோக்கள் உண்டு, சத்தத்தைப் பொறுக்கும் காதுகளும் உண்டு. வசதி குறைந்த மாணவர் சிலருக்குச் சிறு கட்டணத்தில் அறையும் உணவும் அளிக்கப்பட்டன. இத்தாலியர் மட்டுமன்றி, கடல் கடந்து ஆசிய நாடுகளிலிருந்து வந்த மாணவரும் அவ்வாறு தங்கியுள்ளனர்.

இதனால் முதியோருக்கு நேர்ந்த மாற்றம் பெரிது. ஒரே உணவறையில் எண்பது வயதும் இருபது வயதும் சேர்ந்து அமர்கின்றன. பாடகியாவதற்கு முயலும் பெண் ஒருத்தி, தான் கற்கும் பகுதியை முன்னர் மேடையில் பாடிய ஒருவரிடம் சென்று மூச்சை எங்கே விடுவது என்று கேட்கலாம். அதற்குப் பாடநூலில் விடை இராது. முதியவர் கூலி பெறுவதில்லை, கட்டாயமும் இல்லை. விருப்பமுள்ளவர் சொல்லிக் கொடுப்பர், விருப்பமில்லாதவர் கதவைச் சாத்திக்கொள்வர். மாணவர் தம் பங்குக்கு முதியோர் முன் வாசித்துக் காட்டுவர், உடன் அமர்ந்து உண்பர், பேச்சுத் துணையாவர். வேர்டி வகுத்த இரு கட்டில் அறையில் ஒரு முதியவருக்கு இன்னொரு முதியவர் துணை. இங்கே அந்தத் துணை தலைமுறையைக் கடந்து செல்கின்றது. இவற்றுள் எது தொண்டு, எது கைம்மாறு என்று பிரித்துக் கணக்கெழுத முயல்வோர் தோற்றுப்போவர்.

இவ்வாறு குடிவந்த மாணவருள் மிலான் இசைக் கல்லூரியில் பயில்வோரும் உளர். 1832 இல் வேர்டிக்குக் கதவடைத்த கல்லூரி அதுவே. பிற்காலத்தில் அது தன் பெயரையே ஜுசெப்பே வேர்டி இசைக் கல்லூரி என்று மாற்றிக்கொண்டது.

1902 முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட இசைவாணர் அவ்வில்லத்தில் வாழ்ந்துள்ளனர். இசைப்புலவரும், பாடகரும், பல்லியப் பாடகரும், வாத்தியக்காரரும், ஆடற்கலைஞரும், பள்ளிக்கூட இசையாசிரியரும் அவர்களுள் அடங்குவர். பெரும்பாலாரின் பெயர்களை இசை வரலாறு குறித்து வைக்கவில்லை. மாணவரோ படிப்பு முடிந்ததும் புறப்பட்டுவிடுவர். அவர்களுடைய அறை அடுத்து வருபவனுக்குப் போகும். ஆண்டுதோறும் ஒக்டோபர் 10 ஆம் தேதி வருகின்றது. ஈமவறையின் மேலே, முற்றத்தைச் சூழ்ந்த அறைகளில், எவரோ ஒருவர் சுரவரிசையைப் பழகிக்கொண்டிருப்பார், வேறெவரோ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதனைத் திருத்திக்கொண்டிருப்பார்.